மெயில் எழுத்தைக் கண்ணுக்குத் தெரியிற மாதிரி மாத்துறது எப்பிடி? கொம்பியூட்டர், போன் ரெண்டுக்கும் முழு வழிகாட்டி

40 வயசு தாண்டினா கனபேருக்கு வெள்ளெழுத்து வரும், கண்ணுக்குள்ள இருக்கிற லென்ஸ் விறைச்சுப்போறதால கிட்ட இருக்கிற எழுத்து பிடிபடாது, இது எல்லாருக்கும் வாறது. ஆனா இப்ப பேங்க் ஸ்டேட்மென்ட், கரண்ட் பில், பிள்ளையின்ர ஸ்கூல் அறிவித்தல், லண்டன்லயும் டொரொன்டோவிலயும் இருக்கிற சகோதரங்கள் எழுதுறது, எல்லாம் மெயிலிலதான் வருது. கொழும்பில வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனைப் பக்கம் எத்தினையோ வீட்டில அம்மாமார் போனை நீட்டி "இதில என்ன போட்டிருக்கு எண்டு ஒருக்காப் பார் பிள்ளை" எண்டு கேக்கிறதை நான் பாக்கிறன். பாத்துச் சொல்லுறது பெரிய வேலையில்லைதான், ஆனா பேங்க் கணக்கும் மெடிக்கல் ரிப்போர்ட்டும் ஒருத்தற்ற சொந்த விஷயம், அதை இன்னொருத்தர் வாசிச்சுச் சொல்ல வேண்டிய நிலைமை வரக்கூடாது. அதுக்காகத்தான் இவ்வளவு நீளமா எழுதுறன்.

கண்ணைக் காட்டத்தான் வேணும், அதில மாற்றுக் கருத்து இல்லை. லிப்டன் சந்திக்குக் கிட்ட இருக்கிற தேசிய கண் வைத்தியசாலைக்கோ உங்கட வழமையான டொக்டரிட்டயோ போய்க் காட்டுங்கோ. ஆனா கண்ணாடி சரியா இருந்தாலும் ஸ்கிரீன்ல எழுத்து சின்னனா, மங்கின சாம்பல் நிறத்தில, நெருக்கமா இருந்தா ஆருக்கும் வாசிக்க ஏலாது. அந்தப் பக்கத்தை நாங்களே சரிப்பண்ணலாம், காசும் செலவில்லை.

முதல்ல இதை விளங்கிக்கொள்ளுங்கோ

மெயில்ல எழுத்தை மாத்துறது எண்டா ரெண்டு வேற வேலை. ஒண்டு, எனக்கு வாற மெயில் என்ர ஸ்கிரீன்ல எப்பிடித் தெரியுது எண்டது. மற்றது, நான் அனுப்புற மெயில் மற்றாக்களுக்கு எப்பிடிப் போகுது எண்டது. இந்த ரெண்டுக்கும் செட்டிங்ஸ் வேற வேற இடத்தில இருக்கு, ஒண்டை மாத்தினா மற்றது மாறாது. ஜிமெயில்ல டிஃபோல்ட் டெக்ஸ்ட் ஸ்டைல் எண்ட இடத்தில சைஸைப் பெரிசாக்கிப்போட்டு "வாற மெயில் இன்னும் சின்னனாத்தானே இருக்கு" எண்டு சனம் குழம்புறது இதாலதான், அது அனுப்புறதுக்கான செட்டிங், வாசிக்கிறதுக்கானது இல்லை.

இன்னொண்டு, தமிழ் ஆக்களுக்கு இது முக்கியம். வேர்டானா, ஜோர்ஜியா, டஹோமா, ட்ரெபுஷே எண்டு ஜிமெயில்ல காட்டுற ஃபொண்ட், அதாவது எழுத்துரு, ஒண்டிலயும் தமிழ் எழுத்து இல்லை. நீங்கள் வேர்டானாவைத் தெரிவுசெய்து தமிழில டைப் பண்ணினா இங்கிலிஷ் எழுத்து மட்டும் வேர்டானாவில வரும், தமிழ் எழுத்தை அந்தந்த மெஷின் தன்னட்ட இருக்கிற தமிழ் ஃபொண்டில எடுத்துக் காட்டும். விண்டோஸ் 8 இலிருந்து அது பெரும்பாலும் நிர்மலா யூஐ, பழைய விண்டோஸ்ல லதா, ஆண்ட்ரொய்ட்ல நோட்டோ சான்ஸ் தமிழ், ஐபோன் மக் எண்டா தமிழ் சங்கம் எம்என். அதால நீங்கள் இஞ்ச இருந்து அழகா ஒரு ஃபொண்ட் போட்டு அனுப்பினாலும் மற்றப் பக்கத்தில அந்த ஃபொண்ட் இல்லாட்டி வேற ஒண்டுதான் தெரியும். ஃபொண்டின்ர பேரில நேரத்தைச் செலவழிக்காதேங்கோ எண்டு நான் சொல்லுறது இதுக்குத்தான். சைஸ், வரிக்கு இடையில இடைவெளி, நிறம், இந்த மூண்டும் எல்லா மெஷின்லயும் கிட்டத்தட்ட அப்பிடியே போகும்.

சைஸ் தமிழுக்கு இங்கிலிஷை விடக் கூடவா வேணும். ரெண்டு சுழி ன, மூண்டு சுழி ண ரெண்டையும் 10 பொயின்ட்ல வச்சுப் பாருங்கோ. "கொடு", "கோடு" ரெண்டுக்கும் வித்தியாசம் கொம்பில இருக்கிற சின்ன வளைவு மட்டும்தான், "பல", "பல்" ரெண்டுக்கும் நடுவில ஒரே ஒரு புள்ளி. எழுத்து சின்னனானா முதல்ல மறையிறது இந்தப் புள்ளியும் சுழியும்தான். இங்கிலிஷுக்கு 11 பொயின்ட் காணும் எண்டா தமிழுக்கு 13, 14 எண்டு வையுங்கோ, கண் பார்வை குறைஞ்ச ஆக்களுக்கு 16, 18.

கொம்பியூட்டர்ல ஜிமெயில் வாசிக்கிறதுக்கு

ஆகச் சுகமானது பிரவுசரின்ர சூம். ஜிமெயிலைத் திறந்து வச்சுக்கொண்டு கீபோர்ட்ல கொன்ட்ரோல் கீயைப் பிடிச்சபடி பிளஸ் அடையாளத்தை அமத்துங்கோ. க்ரோம்ல 110, 125, 150, 175, 200 எண்டு கூடிக்கொண்டு போகும். குறைக்க கொன்ட்ரோலும் மைனஸும், பழைய நிலைக்குக் கொண்டுவர கொன்ட்ரோலும் சைபரும். மக் எண்டா கொன்ட்ரோலுக்குப் பதிலா கொமாண்ட் கீ. க்ரோம் இந்த அளவை ஒவ்வொரு வெப்சைட்டுக்கும் தனித்தனியா ஞாபகம் வச்சிருக்கும், ஜிமெயிலை 150 இல வச்சா நாளைக்குத் திறந்தாலும் 150 தான், மற்ற சைட் எல்லாம் பழையபடியே இருக்கும். யாஹூ, ஹொட்மெயில் எண்டு பழைய எக்கவுண்ட் வச்சிருக்கிற ஆக்களுக்கும் இதே வழி சரிவரும்.

சூம் கூட்டின உடன ஜிமெயில்ல இடப்பக்கம் இருக்கிற இன்பொக்ஸ், சென்ட், டிராஃப்ட்ஸ் எண்ட மெனு பாதி ஸ்கிரீனைப் பிடிச்சிடும். மேல இடது மூலையில மூண்டு கோடு இருக்கு, அதை ஒருக்கா கிளிக் பண்ணுங்கோ, மெனு ஒடுங்கி மெயிலுக்கு இடம் வரும். பிறகு வலப்பக்கம் மேல இருக்கிற பல்லுச் சக்கரத்தைக் கிளிக் பண்ணினா டென்சிட்டி எண்டு மூண்டு ஒப்ஷன் காட்டும், டிஃபோல்ட், கம்ஃபர்டபிள், கொம்பேக்ட். கொம்பேக்ட் வேண்டாம், வரி எல்லாம் நெருங்கிப் போகும். டிஃபோல்ட் அல்லது கம்ஃபர்டபிள்ல வையுங்கோ.

க்ரோம் செட்டிங்ஸ்ல எப்பியரன்ஸ் எண்ட இடத்தில ஃபொண்ட் சைஸ் எண்டும் ஒண்டு இருக்கு. அதைக் கூட்டினாலும் கன சைட்டில ஒண்டும் மாறாது, ஏனெண்டா அந்தச் சைட்டை எழுதினவை எழுத்து இத்தினை பிக்சல் எண்டு இறுக்கி வச்சிருப்பினம், க்ரோமின்ர செட்டிங் அங்க செல்லாது. ஆனா அதுக்குக் கீழ கஸ்டமைஸ் ஃபொண்ட்ஸ் எண்டு இருக்கு, அதுக்குள்ள போனா மினிமம் ஃபொண்ட் சைஸ் எண்டு ஒரு இழுக்கிற கோடு வரும், அது செல்லும். அதை 14 இலயோ 16 இலயோ வச்சா அதை விடச் சின்ன எழுத்தை எல்லாம் க்ரோம் அந்த அளவுக்குப் பெரிசாக்கித்தான் காட்டும். பேங்க்காரர் மெயிலின்ர அடியில போடுற பொடி எழுத்து நிபந்தனைகளை வாசிக்க இதை விட நல்ல வழி இல்லை, வட்டி வீதமும் கட்டணமும் அந்தப் பொடி எழுத்திலதான் இருக்கும் எண்டது உங்களுக்கும் தெரியும். சில சைட் இதால கொஞ்சம் குழம்பித் தெரியும், அந்த நேரம் குறைச்சுக்கொள்ளுங்கோ.

தமிழில கனக்க வாசிக்கிற ஆக்களுக்கு நான் ஃபயர்பொக்ஸ் எண்ட பிரவுசரைத்தான் சொல்லுவன். அதில தமிழுக்கெண்டே தனி செட்டிங் இருக்கு:

1. செட்டிங்ஸுக்குள்ள ஜெனரல் எண்ட பக்கத்தில ஃபொண்ட்ஸ் எண்ட இடத்தைத் தேடுங்கோ, அதில அட்வான்ஸ்ட் எண்ட பட்டனைக் கிளிக் பண்ணுங்கோ.
2. வாற பெட்டியில மேல ஃபொண்ட்ஸ் ஃபோர் எண்டு ஒரு பட்டியல் இருக்கும், அதில தமிழைத் தெரிவுசெய்யுங்கோ. இதை மறந்தா நீங்கள் இங்கிலிஷுக்குத்தான் மாத்திக்கொண்டு இருப்பியள்.
3. சான்ஸ் செரிஃப், செரிஃப் ரெண்டுக்கும் நிர்மலா யூஐ அல்லது நோட்டோ சான்ஸ் தமிழ் போடுங்கோ, சைஸ் 18 அல்லது 20.
4. மினிமம் ஃபொண்ட் சைஸை 16 ஆக்கி ஓகே குடுங்கோ.

சைட் சொல்லுற ஃபொண்டை விட்டுட்டு என்ர ஃபொண்டைத்தான் காட்டு எண்டு சொல்லவும் அதே பெட்டியின்ர அடியில ஒரு டிக் இருக்கு, பேஜஸ் தங்கட ஃபொண்டைப் பாவிக்கலாம் எண்டதை எடுத்துவிட்டா சரி. ஆனா அதை எடுத்தா சில சைட்டில ஐகன் எல்லாம் பெட்டி பெட்டியாத் தெரியும், அப்பிடி வந்தாத் திருப்பிப் போட்டுவிடுங்கோ.

விண்டோஸையே பெரிசாக்கவும் ஏலும். விண்டோஸ் 11 எண்டா செட்டிங்ஸ், அக்செசிபிலிட்டி, டெக்ஸ்ட் சைஸ். 100 இலிருந்து 225 வீதம் வரை இழுக்கலாம், இழுத்துப்போட்டு எப்ளை எண்டதை அமத்தவேணும். இது மெனு, பட்டன், தலைப்பு இதுகளைத்தான் பெரிசாக்கும். எல்லாத்தையும் சேர்த்துப் பெரிசாக்க சிஸ்டம், டிஸ்ப்ளே, ஸ்கேல் எண்டு போய் 125 அல்லது 150 வையுங்கோ. எழுத்தின்ர ஓரம் பிசுறாத் தெரிஞ்சா ஸ்டார்ட்ல கிளியர்டைப் எண்டு தேடினா ஒரு சோதினை வரும், எந்தப் பெட்டியில எழுத்து தெளிவு எண்டு கேட்டுக் கேட்டுச் சரிப்பண்ணும். சும்மா ஒரு வரியை மட்டும் பெரிசாக்கிப் பாக்க விண்டோஸ் கீயும் பிளஸும் அமத்தினா மெக்னிஃபையர் வரும், நிப்பாட்ட விண்டோஸ் கீயும் எஸ்கேப்பும்.

போன்ல

எங்கட ஆக்கள் கனபேர் மெயில் பாக்கிறது போன்லதான். ஆண்ட்ரொய்ட்ல ஜிமெயில் ஆப்புக்குள்ள எழுத்துச் சைஸ் மாத்துற இடம் தேடாதேங்கோ, அது போனின்ர சைஸையே எடுக்கும். செட்டிங்ஸ், டிஸ்ப்ளே, அதில ஃபொண்ட் சைஸ் எண்டு இருக்கும். சாம்சங்ல அது ஃபொண்ட் சைஸ் அண்ட் ஸ்டைல், அதிலயே போல்ட் ஃபொண்ட் எண்டும் ஒரு சுவிட்ச் இருக்கு, அதையும் போடுங்கோ, தமிழ் எழுத்து தடிச்சுத் தெரிஞ்சா சுழி எல்லாம் பிடிபடும். ஆண்ட்ரொய்ட் 14 இலிருந்து 200 வீதம் வரை கூட்டலாம், ஏற்கனவே பெரிசா இருக்கிற தலைப்பை அது அவ்வளவு பெரிசாக்காது, சின்ன எழுத்தைத்தான் கூடப் பெரிசாக்கும், அதால ஸ்கிரீன் குழம்பாது. செட்டிங்ஸ்ல எங்க இருக்கு எண்டு தெரியாட்டி மேல இருக்கிற தேடுற பெட்டியில ஃபொண்ட் எண்டு இங்கிலிஷ்ல அடிச்சாப் போதும், எந்தக் கொம்பனி போன் எண்டாலும் கொண்டுபோய் விடும்.

இதெல்லாம் செய்தும் சில மெயில் மட்டும் சின்னனாவே நிக்கும், முக்கியமா கொம்பனி விளம்பரம், டிக்கெட் புக்கிங், ஸ்டேட்மென்ட் இதுகள். அந்த மெயில்கள் அகலமான அட்டவணையா செய்யப்பட்டிருக்கும், ஜிமெயில் ஆப் அதை போன் ஸ்கிரீனுக்குள்ள அடக்கப் பாத்து முழுதையும் சுருக்கிப்போடும். ஆப்பில மூண்டு கோட்டு மெனு, செட்டிங்ஸ், ஜெனரல் செட்டிங்ஸ் எண்டு போனா ஓட்டோ ஃபிட் மெசேஜஸ் எண்டு இருக்கும். அதை எடுத்துவிட்டா சுருக்காது, பதிலுக்கு இடம் வலமா தள்ளித் தள்ளி வாசிக்க வேண்டி வரும். என்னைக் கேட்டா பார்வை குறைஞ்ச ஆக்களுக்குத் தள்ளி வாசிக்கிறது பரவாயில்லை, கை நடுக்கம் உள்ள ஆக்களுக்கு அது கஷ்டம், ஆளைப் பாத்து முடிவெடுங்கோ.

ஐபோன்ல செட்டிங்ஸ், அக்செசிபிலிட்டி, டிஸ்ப்ளே அண்ட் டெக்ஸ்ட் சைஸ், லார்ஜர் டெக்ஸ்ட். உள்ளுக்குப் போய் லார்ஜர் அக்செசிபிலிட்டி சைசஸ் எண்ட சுவிட்சைப் போட்டாத்தான் கோடு முழு நீளத்துக்கும் போகும், அதைப் போடாம இழுத்தா அரைவாசிப் பெரிசுதான் வரும். போல்ட் டெக்ஸ்டும் அதே பக்கத்தில இருக்கு. ஐபோனோட வாற மெயில் ஆப் இந்த அளவை அப்பிடியே எடுக்கும். மெயிலுக்கு மட்டும் பெரிசு வேணும், வாட்ஸ்அப் எல்லாம் பழையபடி இருக்கட்டும் எண்டு நினைச்சா அக்செசிபிலிட்டியில பேர் ஆப் செட்டிங்ஸ் எண்டு இருக்கு, ஐஓஎஸ் 15 இலிருந்து வந்தது, அதில மெயிலைச் சேர்த்து அதுக்கு மட்டும் அளவு வைக்கலாம்.

கறுப்புப் பின்னணி, அதாவது டார்க் மோட், எல்லாருக்கும் நல்லது எண்டு சொல்லுறவை, அது சரியில்லை. கற்றரக்ட் (கண்புரை) இருக்கிற ஆக்களுக்கு வெள்ளை ஸ்கிரீன் கண்ணைக் கூசும், அவைக்கு டார்க் மோட் பெரிய ஆறுதல். ஆனா அஸ்டிக்மட்டிசம் (கருவிழி வளைவு சீரில்லாத பார்வைக் குறை) உள்ள கனபேருக்குக் கறுப்பில வெள்ளை எழுத்து பரவி மங்கலாத் தெரியும். ரெண்டையும் போட்டு, அதே மெயிலைப் பகலிலயும் இரவிலயும் வாசிக்கச் சொல்லிப் பாருங்கோ.

அவுட்லுக்: ஒஃபிஸ்ல வேலை செய்யிற ஆக்களுக்கு

கொழும்பு கோட்டைப் பக்கம் ஒஃபிஸ்கள்ல கனக்கப் பாவிக்கிறது மைக்ரோசொஃப்டின்ர மெயில் புரோகிராமான அவுட்லுக்தான். பழைய அவுட்லுக்ல, அதாவது மேல ஃபைல் எண்ட மெனு இருக்கிறதில, மெயிலைத் திறந்தா வலப்பக்கம் அடியில ஒரு சூம் கோடு இருக்கும். அதை இழுத்தா அந்த மெயிலுக்கு மட்டும்தான். நிரந்தரமா வேணும் எண்டா அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில இருக்கிற வீத எண்ணைக் கிளிக் பண்ணுங்கோ, ஒரு சின்னப் பெட்டி வரும், அளவைத் தெரிவுசெய்து ரிமெம்பர் மை பிரிஃபரென்ஸ் எண்டதில டிக் போட்டு ஓகே குடுங்கோ. இந்த டிக்கைக் கனபேர் கவனிக்கிறேல்லை, ஒவ்வொரு மெயிலுக்கும் இழுத்துக்கொண்டே இருக்கினம்.

அனுப்புற எழுத்துக்கு ஃபைல், ஒப்ஷன்ஸ், மெயில், ஸ்டேஷனரி அண்ட் ஃபொண்ட்ஸ். அதுக்குள்ள மூண்டு இடம் இருக்கும், புது மெயிலுக்கு, பதில் போடுறதுக்கு, பிளெயின் டெக்ஸ்டுக்கு (கலர், ஃபொண்ட் ஒண்டும் இல்லாத வெறும் எழுத்து மெயில்). மூண்டையும் மாத்துங்கோ, ஒண்டை விட்டா பதில் போடேக்க எழுத்து திரும்பச் சின்னனாகும். ஃபொண்ட் எண்டதைக் கிளிக் பண்ணினா வாற பெட்டியில கொம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ் எண்டு தனியா ஒரு பகுதி தெரிஞ்சா அதுதான் தமிழுக்கானது, மேல இருக்கிற லத்தீன் பகுதியை மட்டும் 14 ஆக்கிப்போட்டு இதை விட்டா இங்கிலிஷ் மட்டும் பெரிசாகும். தமிழ் இன்புட் சேர்க்காத மெஷின்ல அந்தப் பகுதி தெரியாமலும் இருக்கும்.

சிங்களம், தமிழ், இங்கிலிஷ் மூண்டும் ஒரே மெயில்ல அனுப்புற இடங்களுக்கு ஒரு யோசினை. நிர்மலா யூஐ ஃபொண்டில சிங்கள எழுத்தும் இருக்கு, தமிழும் இருக்கு, இங்கிலிஷும் இருக்கு. மூண்டையும் அதிலயே போட்டா மூண்டும் ஒரே தடிப்பில, ஒரே உயரத்தில நிக்கும். இல்லாட்டி ஒரு மொழி தடிச்சு மற்றது மெலிஞ்சு தெரியும், மெலிஞ்சு போறது கனதரம் தமிழாத்தான் இருக்கு, அதைப் பாக்க மனசு நோகும்.

புது அவுட்லுக், வெப் அவுட்லுக் ரெண்டிலயும் செட்டிங்ஸ், மெயில், கொம்போஸ் அண்ட் ரிப்ளை எண்டு போனா மெசேஜ் ஃபோர்மட் எண்ட இடத்தில ஃபொண்டும் சைஸும் இருக்கும். மற்றது, அவுட்லுக்ல இம்மர்சிவ் ரீடர் எண்டு ஒண்டு இருக்கு, இதைக் கட்டாயம் பாருங்கோ. மெயிலை அதில திறந்தா விளம்பரப் பட்டை, கலர் எல்லாம் போய் வெறும் எழுத்து மட்டும் நிக்கும், சைஸ், வரி இடைவெளி, பின்னணி நிறம் எல்லாம் மாத்தலாம், வாசிக்கிற வரியை மட்டும் வெளிச்சமாக் காட்டி மற்றதை மங்க வைக்கவும் ஏலும். டிஸ்லெக்சியா, அதாவது வாசிக்கிறதில சிரமம், உள்ள பிள்ளையளுக்கும் இது நல்ல உதவி.

தண்டர்பேர்ட், மக் மெயில்

தண்டர்பேர்ட் கொம்பியூட்டர்ல போடுற ஒரு மெயில் புரோகிராம், ஃபயர்பொக்ஸின்ர சகோதரம், அதால செட்டிங்ஸும் அதே மாதிரித்தான்: செட்டிங்ஸ், ஜெனரல், லாங்குவேஜ் அண்ட் எப்பியரன்ஸ், அட்வான்ஸ்ட், பிறகு ஃபொண்ட்ஸ் ஃபோர் எண்டதில தமிழ். இதில இன்னொரு நல்ல விஷயம், வியூ மெனுவில மெசேஜ் பொடி ஏஸ் எண்டு போய் பிளெயின் டெக்ஸ்ட் எண்டதைத் தெரிவுசெய்தா அனுப்பினவை போட்ட ஃபொண்ட், கலர், பெட்டி ஒண்டும் வராது, எல்லா மெயிலும் உங்கட சைஸில உங்கட ஃபொண்டில வரும். பார்வை நல்லாக் குறைஞ்ச ஒருத்தருக்கு மெயில் செட் பண்ணிக் குடுக்கிறதெண்டா நான் இதைத்தான் முதல்ல தெரிவுசெய்வன். மக்ல மெயில் ஆப்பின்ர செட்டிங்ஸ்ல ஃபொண்ட்ஸ் அண்ட் கலர்ஸ் எண்டு ஒரு பக்கம் இருக்கு, மெயில் பட்டியலுக்கு ஒரு சைஸ், மெயிலுக்குள்ள ஒரு சைஸ் எண்டு தனித்தனியா வைக்கலாம்.

நீங்கள் அனுப்புற மெயில்

உங்கட கண் நல்லா இருக்கும், உங்கட மெயிலைத் திறக்கிற ஆள் 70 வயசில இருக்கலாம். ஜிமெயில்ல பல்லுச் சக்கரம், ஸீ ஓல் செட்டிங்ஸ், ஜெனரல். கீழ போனா டிஃபோல்ட் டெக்ஸ்ட் ஸ்டைல். அதில ஸ்மோல், நோர்மல், லார்ஜ், ஹியூஜ் எண்டு நாலு சைஸ் இருக்கு. வயசான ஆக்களுக்கு அடிக்கடி எழுதுறதெண்டா லார்ஜ் வையுங்கோ. ஹியூஜ் மட்டும் வேண்டாம், அது ஒரு வரிக்கு மூண்டு சொல்லாப் போயிடும். ஃபொண்டுக்கு சான்ஸ் செரிஃப் இல்லாட்டி வேர்டானா. முக்கியமானது, பக்கத்தின்ர ஆக அடிக்குப் போய் சேவ் சேஞ்சஸ் எண்டதை அமத்தவேணும், அமத்தாட்டி ஒண்டும் சேவ் ஆகாது. இதைக் கொம்பியூட்டர் பிரவுசர்லதான் செய்யவேணும், போன் ஆப்பில தேடிக் களைக்காதேங்கோ.

ஜிமெயில்ல வரி இடைவெளி கூட்டுற பட்டன் இல்லை. அதுக்குப் பதிலா பந்தியைச் சின்னனா எழுதி நடுவில ஒரு வெறும் வரி விடுங்கோ. தமிழ்ச் சொல் நீளம், மேலயும் கீழயும் வளைவு நீளும், நெருக்கமான பத்து வரிப் பந்தியில கண் எந்த வரியில நிண்டது எண்டே தெரியாமப் போகும்.

சாய்ந்த எழுத்து, அதான் இட்டாலிக், தமிழுக்குப் போடாதேங்கோ. கன தமிழ் ஃபொண்டில சாய்ந்த எழுத்தெண்டு தனியாச் செய்து வச்சிருக்கிறேல்லை, கொம்பியூட்டர் நேர் எழுத்தைப் பிடிச்சுச் சரிச்சுவிடுது, சுழி எல்லாம் நெளிஞ்சு போகும். அழுத்திச் சொல்லவேணும் எண்டா போல்ட் போடுங்கோ, அதுவும் ஒண்டு ரெண்டு சொல்லுக்கு. அடிக்கோடு லிங்குக்கு மட்டும். ரெண்டு பக்கமும் ஒரே நேரா வாற மாதிரி ஜஸ்டிஃபை பண்ணுறதையும் விடுங்கோ, சொல்லுக்கு நடுவில பெரிய பெரிய ஓட்டை விழும்.

நிறத்துக்கு ஒரு கணக்கு இருக்கு. வெப் அக்செசிபிலிட்டிக்கு உலகம் முழுக்கப் பாவிக்கிற டபிள்யூசிஏஜி எண்ட விதிகளில, சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் வெளிச்ச வித்தியாசம் குறைஞ்சது 4.5 இற்கு 1 இருக்கவேணும் எண்டு இருக்கு. வெள்ளைப் பின்னணியில சாம்பல் எழுத்து போடுறதெண்டா 767676 எண்ட கலர் கோட் தான் கடைசி எல்லை, அதை விட வெளிறினா விதிக்கு வெளிய. சிக்னேச்சர்ல போன் நம்பரை வெளிறின சாம்பல்ல பொடி எழுத்தில போடுற பழக்கம் கனபேரிட்ட இருக்கு, அந்த நம்பருக்குத்தானே மற்றாள் கோல் எடுக்கப்போறார், அதை நல்ல கறுப்பில போடுங்கோ. மஞ்சள் எழுத்து, இளம்பச்சை எழுத்து வேண்டவே வேண்டாம். சிவப்பில இருக்கிறது கட்டாயம், பச்சையில இருக்கிறது விரும்பினா எண்டு எழுதவும் வேண்டாம், நிறக்குருடு உள்ள கனபேருக்கு ரெண்டும் ஒண்டு மாதிரித்தான் தெரியும், சொல்லாலயே எழுதிவிடுங்கோ.

வேர்ட்ல இருந்தோ வெப்சைட்ல இருந்தோ கொப்பி பண்ணி ஒட்டினா அங்க இருந்த ஃபொண்ட், சைஸ், கலர் எல்லாம் சேர்ந்து வரும், ஒரே மெயில்ல மூண்டு சைஸ் தெரியும். கொன்ட்ரோல், ஷிஃப்ட், வி மூண்டையும் சேர்த்து அமத்தி ஒட்டினா வெறும் எழுத்து மட்டும் வரும். ஏற்கனவே ஒட்டிப்போட்டியள் எண்டா எல்லாத்தையும் செலக்ட் பண்ணி ரிமூவ் ஃபோர்மட்டிங் பட்டனை அமத்துங்கோ.

பாமினி மெயிலும் படமா வாற அறிவித்தலும்

எங்கட நாட்டில இன்னும் நிறைய இடத்தில பாமினி ஃபொண்டில டைப் பண்ணுறவை. அது யூனிக்கோட், அதாவது எல்லா மெஷினுக்கும் பொதுவான எழுத்து முறை, இல்லை, உள்ளுக்கு இருக்கிறது இங்கிலிஷ் எழுத்து, மேல தமிழ் உருவம் போட்டது. அந்த ஃபொண்ட் உங்கட போன்ல இல்லாட்டி இங்கிலிஷ் எழுத்தும் செமிகோலனும் கலந்து ஒண்டும் விளங்காம வரும். இதுக்குச் சைஸைக் கூட்டிப் பிரயோசனமில்லை. பாமினியை யூனிக்கோடா மாத்துற கன்வேர்ட்டர் ஒன்லைன்ல நிறைய இருக்கு, அதில ஒட்டினா தமிழ் வரும். ஆனா பேங்க் விஷயம், அடையாள அட்டை நம்பர், வைத்திய விபரம் இருக்கிற மெயிலைத் தெரியாத வெப்சைட்டில ஒட்டாதேங்கோ, அதுக்குக் கொம்பியூட்டர்ல பாமினி ஃபொண்டைப் போட்டு, வேர்ட்ல ஒட்டி, ஃபொண்டை மாத்தி வாசியுங்கோ. நீங்கள் அனுப்புறதெண்டா எப்பவும் யூனிக்கோட்.

பாமினியில டைப் பண்ணி அதைப் படமா எடுத்து மெயில்ல போடுறது இன்னும் மோசம். ஸ்கூல், கோயில், சங்கம் எல்லாம் அறிவித்தலைப் படமாத்தான் அனுப்புது. படத்தைப் பெரிசாக்கினா மங்கும், வரி ஸ்கிரீனுக்கு வெளிய போகும், கண் தெரியாத ஆக்களுக்கு வாசிச்சுக் காட்டுற ஸ்கிரீன் ரீடருக்கு அங்க ஒரு எழுத்தும் இல்லை. வந்த படத்தை வாசிக்க கூகுள் லென்ஸ்ல திறந்து டெக்ஸ்டைச் செலக்ட் பண்ணுங்கோ, தமிழையும் எடுக்கும், கொப்பி பண்ணி உங்களுக்கே ஒரு மெயிலாப் போட்டா வேணுமான சைஸில வாசிக்கலாம். திகதியையும் நேரத்தையும் மட்டும் படத்தோட ஒருக்காச் சரிபாருங்கோ, அதில பிழை வந்தாத்தான் பிரச்சினை.

பேப்பர்ல வேணும் எண்டா

பேப்பர்லதான் வாசிப்பன் எண்ட ஆக்கள் இருக்கினம், அவையின்ர விருப்பம் அது, அதையும் சரியாச் செய்து குடுக்கலாம். ஜிமெயில்ல பிரின்ட் குடுத்தா வாற பெட்டியில மோர் செட்டிங்ஸ், அதில ஸ்கேல், கஸ்டம் எண்டு போட்டு 140 அல்லது 150 அடியுங்கோ. வீட்டில பிரின்டர் இல்லாட்டி அதே பெட்டியில சேவ் ஏஸ் பிடிஎஃப் எண்டு எடுத்து அந்த ஃபைலைக் கொமியுனிகேஷன் கடைக்குக் கொண்டுபோங்கோ. கடைக் கொம்பியூட்டர்ல உங்கட மெயிலுக்குள்ள லொகின் பண்ண வேண்டாம்.

வாசிக்கவே ஏலாட்டி கேக்கலாம்

ஆண்ட்ரொய்ட்ல அக்செசிபிலிட்டிக்குள்ள செலக்ட் டு ஸ்பீக் எண்டதைப் போட்டா ஸ்கிரீன் ஓரத்தில ஒரு சின்ன அடையாளம் வரும், அதைத் தொட்டு மெயிலைத் தொட்டா வாசிக்கும். தமிழுக்கு டெக்ஸ்ட் டு ஸ்பீச் செட்டிங்ஸ்ல தமிழ் குரலை ஒருக்கா டவுன்லோட் பண்ணவேணும், உச்சரிப்பு இந்தியத் தமிழ்தான், ரெண்டு மூண்டு மெயிலில பழகிடும், வேகத்தைக் கொஞ்சம் குறைச்சு வையுங்கோ. ஐபோன்ல ஸ்பீக் ஸ்கிரீனைப் போட்டு ரெண்டு விரலால மேல இருந்து கீழ இழுத்தா வாசிக்கும். பார்வை முற்றா இல்லாத ஆக்களுக்கு இது காணாது, அவைக்கு ஸ்கிரீன் ரீடர் வேணும்: ஆண்ட்ரொய்ட்ல டோக்பேக், ஐபோன்ல வொய்ஸ்ஓவர், விண்டோஸ்ல என்விடிஏ. என்விடிஏ இலவசம், அதோட வாற ஈஸ்பீக் எண்ட வாசிக்கிற குரலில தமிழும் இருக்கு.

இதெல்லாத்துக்கும் அனுப்புற இடமும் கொஞ்சம் ஒத்துழைக்கவேணும், அதால கேளுங்கோ. ஸ்கூலுக்கோ சங்கத்துக்கோ இப்பிடி ஒரு பதில் போட்டாக் காணும், கொப்பி பண்ணிக்கொள்ளலாம்: "வணக்கம். உங்கள் அறிவித்தல் கிடைத்தது, நன்றி. எங்கள் வீட்டில் பார்வை குறைந்த ஒருவர் இருக்கிறார், படமாக வருவதை அவரால் வாசிக்க முடியவில்லை. அடுத்த முறை அதே விபரத்தை யூனிக்கோட் தமிழில் மெயிலுக்குள்ளேயே எழுதி, படத்தை இணைப்பாக அனுப்ப முடியுமா?" டைப் பண்ணுற பிள்ளைக்கு யூனிக்கோட் தெரியாட்டி, விபரத்தைப் போன்ல கூகுள் கீபோர்ட்ல தமிழில சொல்லச் சொல்லுங்கோ, மைக்கை அமத்திச் சொன்னா அதுவே யூனிக்கோட்ல எழுதித் தரும்.